அரை மணித்தியால மனு

27.03.2006, திங்கள்

இண்டைக்கும் அந்த மனுசன் நாலு இருபத்தைந்துக்குத்தான் வந்தவர்.

எழுதி வைக்கிறன். நாளைக்கு விசாரணை எண்டு ஆரும் வந்தால் இந்தக் கொப்பியைக் காட்டலாம். கரம்பையடி உப தபாற்கந்தோரில கவுண்டர் மூடுறது பின்னேரம் நாலு மணிக்கு. கதவில மூண்டு பாசையிலையும் எழுதிக் கிடக்கு. ஊர் முழுக்க அதைப் படிச்சிருக்கு, பள்ளிக்கூடத்தில கணக்குப் படிப்பிக்கிற குலவீரசிங்கம் மாஸ்ரர் ஒராளைத் தவிர.

தொண்ணூற்றாறாம் ஆண்டு வைகாசியில அரசாங்கம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினது. ஐப்பசியில மனம் மாறி அரை மணித்தியாலத்தைத் திருப்பித் தந்தது. மிச்ச அரை மணித்தியாலம் அவையிட்டையே நிண்டிட்டுது. பகல் வெளிச்சத்தைப் பாவிச்சுக் கரண்ட் மிச்சம் பிடிக்கிறதாம். அந்த நேரம் எங்கடை பக்கம் கரண்டே இல்லை. நாங்கள் மிச்சம் பிடிச்சதெல்லாம் மண்ணெண்ணெய்தான். அண்டையில இருந்து ஊரில ரெண்டு நேரம் ஓடுது. கந்தோர், பள்ளிக்கூடம், பஸ் எல்லாம் புது நேரம். கோயில், கலியாணவீடு, செத்தவீடு, தோட்டத்துக்குத் தண்ணி இறைக்கிறது எல்லாம் பழைய நேரம். ஆர் என்ன மணி சொன்னாலும் "பழசோ புதுசோ" எண்டு கேட்டுத்தான் மற்ற வேலை.

மாஸ்ரர் பழைய நேரக் கட்சி. கட்சித் தலைவர் எண்டும் சொல்லலாம், ஏனெண்டால் கட்சியில வேறை ஆக்களில்லை. பழைய நேரத்தைத் திருப்பித் தரச் சொல்லி மந்திரிமாருக்கும் பத்திரிகைக்காரருக்கும் பத்து வருசமாய் மனு எழுதுறார். பள்ளிக்கூட மைதானத்தில தடி நட்டு நிழல் அளந்தவர். சூரியன் உச்சிக்கு வர பன்னிரண்டு நாற்பது ஆகுதாம், இது இயற்கைக்கு விரோதமாம். எல்லா மனுவும் பதிவுத் தபால். போய்ச் சேர்ந்ததுக்கு வாங்கினவர் ஒப்பம் வச்சுத் திருப்பி அனுப்புற அட்டையும் ஒவ்வொண்டிலையும் ஒட்டி அனுப்புவார். இண்டைக்கு வந்தது மனு இலக்கம் 186. திரும்பி வந்த அட்டைகள் ஆறு.

"கவுண்டர் மூடியாச்சு மாஸ்ரர்" எண்டன்.

"என்ர மணிக்கு இன்னும் மூண்டு ஐம்பத்தைந்துதானே மிஸ்" எண்டார். பத்து வருசமாய் இதே கதை.

ஐஞ்சு மணி பஸ்ஸில தபால் பை பட்டினத்துக்குப் போகவேணும். நாலே முக்காலுக்குத்தான் நான் பையைக் கட்டி அரக்கு வைக்கிறது. அதுவரைக்கும் எப்பிடியும் கந்தோரில இருக்கத்தான் வேணும். அதனாலைதான் கதவைச் சாத்தாமல் விடுறன். தேத்தண்ணியும் தவறுதலாய் ஒரு கோப்பை கூடப் போட்டிட்டன். ஊத்த மனமில்லாமல் அவருக்குக் குடுத்தன்.

28.03.2006, செவ்வாய்

மாஸ்ரர். ஒரே ஒரு முத்திரை. 4.26.

30.03.2006, வியாழன்

காலமை ரேடியோவில சொன்னாங்கள். சித்திரை வருசத்தோட நேரத்தைப் பழையபடி ஆக்கப் போயினமாம். பதினைஞ்சாந் திகதி பிறக்கேக்கை எல்லாரும் மணிக்கூட்டை அரை மணித்தியாலம் பின்னுக்குத் திருப்ப வேணும்.

எங்கடை தபால்காரர் வல்லிபுரம் அண்ணை சைக்கிளை விட்டு இறங்காமலே செய்தியைக் கத்திச் சொல்லிக்கொண்டு வந்தார். அவருக்கு அடுத்த வருசம் பென்சன். ஊர்ப் புதினம் காவுறதை மட்டும் பென்சனுக்குப் பிறகும் விடமாட்டார். "மாஸ்ரர் வெண்டிட்டார் பிள்ளை. இண்டைக்கு லட்டோட வருவார் பார்" எண்டார்.

நானும் அப்பிடித்தான் நினைச்சன். புதுச் சீலை உடுத்தினது அதுக்காக இல்லை, மற்றது காயேல்லை.

நாலு இருபத்தைந்துக்கு வந்தார். லட்டு இல்லை. செத்தவீட்டுக்குப் போயிட்டு வந்த முகம்.

"வாழ்த்துக்கள் மாஸ்ரர். நூற்று எண்பத்தாறு மனுவுக்குப் பலன் கிடைச்சிட்டுது" எண்டன்.

"என்ர மனுவை அவங்கள் ஆர் படிச்சவங்கள்" எண்டார். பிறகு சுவர் மணிக்கூட்டைப் பாத்தார். "அப்ப பதினைஞ்சுக்குப் பிறகு என்ர நாலும் உங்கடை நாலும் ஒண்டு."

"ஓம். இனி நீங்கள் எல்லாரையும் போல நேரத்துக்கு வரலாம்."

"ஓம். வரலாம்" எண்டார். தேத்தண்ணி பாதியிலை கிடந்துது. சீனி குறைஞ்சு போச்சாக்கும்.

01.04.2006, சனி

முட்டாள்கள் தினத்தில வந்ததாலை முதல் நம்பேல்லை. ஆனால் கடிதத்தில முத்திரையும் ஒப்பமும் சரியாய் இருக்கு. எனக்கு இடமாற்றம். நல்லூர்ப் பக்கம், அக்கா வீட்டில இருந்து நடந்து போற தூரம். ஆறு வருசமாய் நானே விண்ணப்பிச்சு விண்ணப்பிச்சுக் களைச்சுப் போன இடம். இருபதாந் திகதிப் பையில என்ர சம்மதக் கடிதம் போகவேணும். இல்லாட்டி இடம் அடுத்த ஆளுக்குப் போயிடும்.

அக்காவுக்கு ரெலிபோன் எடுத்தன். அவ அழுதிட்டா. "சற்குணம், அப்பாவும் போய் ரெண்டு வருசமாச்சு. நாற்பத்திமூண்டு வயசில கந்தோருக்குப் பின்னாலை ஒரு அறைக்கை தனியச் சமைச்சுத் திண்டுகொண்டு இருந்தது காணும். வா" எண்டா.

அக்கா சொல்லுறது சரி. எனக்குச் சரியான சந்தோசம். சம்மதக் கடிதத்தைத் திங்கள் எழுதலாம்.

03.04.2006, திங்கள்

மத்தியானம் முழுக்க மழை. சம்மதக் கடிதம் எழுதேல்லை, கடுதாசி ஈரம் பிடிச்சுப் போச்சு.

மாஸ்ரர் குடையோட வந்தும் நனைஞ்சுதான் வந்தார். கைமணிக்கூட்டைக் கழட்டிக் கவுண்டரில வச்சிட்டுக் கைலேஞ்சியால கையைத் துடைச்சார். என்ர கண் சும்மா அதிலை பட்டுது. நாலு இருபத்தேழு. அண்ணாந்து சுவர் மணிக்கூட்டைப் பாத்தன். அதுவும் நாலு இருபத்தேழு.

பழைய நேரக் கட்சித் தலைவரின்ர மணிக்கூடு அரசாங்க நேரம் காட்டுது. பாவம், பழுதாக்கும். சரியாய் அரை மணித்தியாலம் முன்னுக்கு ஓடுது. ஒரு நல்ல கடையில காட்டச் சொல்லவேணும்.

05.04.2006, புதன்

மணிக்கூட்டுக் கதையை வல்லிபுரம் அண்ணையிட்டைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். கடிதம் பிரிக்கிறதை நிப்பாட்டிப்போட்டு என்னைப் பாத்தார்.

"பிள்ளை, பள்ளிக்கூடம் ஓடுறது எந்த நேரம்?"

"புது நேரம்."

"பத்து வருசத்தில மாஸ்ரர் ஒரு நாளாவது பள்ளிக்கூடத்துக்கு அரை மணித்தியாலம் பிந்திப் போனவரோ?"

"எனக்கென்ன தெரியும்."

"பஸ்ஸைத் தவற விட்டவரோ?"

"அண்ணை, ஒழுங்கைச் சனம் முழுக்கக் கடிதத்தைப் பாத்துக்கொண்டு இருக்குது."

சிரிச்சுக்கொண்டு போனார். தபால்காரருக்குக் கடிதத்துக்கு வெளியிலை எழுதினதை மட்டும்தான் படிக்க உரிமை இருக்கு. இந்த மனுசன் எல்லாத்தையும் பிரிச்சுப் படிக்கிற ஆள்.

06.04.2006, வியாழன்

மாஸ்ரரிட்டை இடமாற்றத்தைச் சொன்னன். பதிவுப் புத்தகத்தில கோடு போட்டுக்கொண்டு, அலுவலோட அலுவலாய்த்தான் சொன்னன்.

"நல்லூருக்கோ" எண்டார்.

"ஓம்."

"நல்ல இடம். கோயில் இருக்கு."

"இருக்கு."

"அக்கா இருக்கிறா."

"அவவும் இருக்கிறா."

நான் கோடு போட்டு முடிச்சன். ஒரு முத்திரை வாங்கினார், ஒட்டுறதுக்குக் கடிதம் கொண்டுவரேல்லை. முத்திரையைச் சேட்டுப் பையில வச்சுக்கொண்டு போயிட்டார். குடையை விட்டிட்டுப் போட்டார்.

கணக்குப் படிப்பிக்கிற ஆள் இவ்வளவு மறதிக்காரனாய் இருந்தால் பிள்ளையள் என்னெண்டு உருப்படும்.

07.04.2006, வெள்ளி

குடை இஞ்சைதான் கிடக்கு.

10.04.2006, திங்கள்

மாஸ்ரர் வரேல்லை. வெள்ளியும் வரேல்லை. பள்ளிக்கூடம் லீவு விட்டாச்சு, ஆளுக்கு வேறை அலுவல் இருக்கலாம். எனக்கும் நிறைய அலுவல். நாலுக்கும் நாலரைக்கும் இடையிலை கவுண்டர்க் கம்பியைத் துடைச்சன். துடைக்கேக்கை ஒழுங்கை நல்லாய்த் தெரியும்.

சம்மதக் கடிதத்துக்கு முதல் வரி எழுதினன். பேனை மை கக்கிப்போட்டுது. கிழிச்சுப்போட்டன். அரசாங்கக் கடிதம் வடிவாய் இருக்கவேணும்.

குடையின்ர கம்பி ஒண்டு வளைஞ்சிருந்துது. நிமித்தி வச்சன். அதிலை ஒண்டுமில்லை, வளைஞ்ச கம்பியைப் பாத்தால் எனக்குப் பொறுக்காது.

12.04.2006, புதன்

நாலு இருபத்தைந்து.

மனு இலக்கம் 187 கொண்டுவந்தார். இது மனு இல்லை, நன்றிக் கடிதம். பழைய நேரத்தைத் திருப்பித் தந்ததுக்கு அரசாங்கத்துக்கு நன்றி எண்டு ஒண்டரைப் பக்கம். வழக்கம்போல எழுத்துப்பிழை பாக்கத் தந்தார். பிழை ஒண்டுமில்லை. 'மகிழ்ச்சி' எண்ட சொல் நாலு இடத்தில வந்துது. எழுதின ஆளின்ர முகத்தில ஒரு இடத்திலையும் இல்லை.

"அப்ப இதோட முடிஞ்சுது" எண்டார்.

"என்ன முடிஞ்சுது?"

"மனு."

"கேக்கிறதுக்கு வேறை எத்தினையோ இருக்கு மாஸ்ரர். றோட்டுப் போடச் சொல்லிக் கேக்கலாம்."

"றோட்டுப் போட்டால் பஸ் கெதியாய் வரும்" எண்டார். பஸ் கெதியாய் வந்தால் இவருக்கென்ன எண்டு நான் கேக்கேல்லை.

வாசல் வரைக்கும் போய்த் திரும்பி நிண்டார். ஏதோ சொல்லப் போறார் எண்டு நினைச்சன். "நான் போன கிழமை குடையொண்டை எங்கையோ விட்டிட்டன்" எண்டார்.

"இஞ்சை ஒண்டும் காணேல்லை" எண்டன்.

ஏன் அப்பிடிச் சொன்னன் எண்டு தெரியேல்லை. பத்தொன்பது வருச அரசாங்க சேவையில முதல் பொய். குடை அறைக்கை கதவுக்குப் பின்னாலை நிக்குது.

14.04.2006, வெள்ளி

விய வருசம் பிறந்துது. கோயிலுக்குப் போனன். இண்டைக்குத்தான் கடைசியாய் ரெண்டு நேரம் எண்டு ஐயருக்குச் சரியான புழுகம், முகம் முழுக்கச் சிரிப்பு. மாஸ்ரர் ஆம்பிளையளின்ர பக்கத்தில நிண்டவர். வேட்டி கசங்கிக் கிடந்துது. தோய்ச்சு மினுக்கிக் குடுக்க வீட்டில ஆளில்லை. மூண்டு தங்கச்சிமாரையும் கட்டிக் குடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பி வச்சதோட இவருக்கு வயசு போட்டுது, பிறகு தாயும் போய்ச் சேந்திட்டா. இதெல்லாம் வல்லிபுரம் அண்ணை சொல்லித்தான் தெரியும். நான் கேட்டு அறிஞ்சதில்லை.

15.04.2006, சனி

காலமை கந்தோரைத் திறந்து, கதிரை வச்சு ஏறி, சுவர் மணிக்கூட்டை அரை மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பினன். தூசி தும்மல் வந்துது. ஒரு முள்ளைத் திருப்பிறதுக்குப் பத்து வருசம் எடுத்திருக்கு.

கதிரையிலை நிண்டபடி யோசிச்சுப் பாத்தன். கவுண்டர் இனியும் நாலுக்குத்தான் மூடும். பஸ் இனியும் ஐஞ்சுக்குத்தான் வரும். அந்த அரை மணித்தியாலத்தை ஆரும் தூக்கிக்கொண்டு போகேல்லை. அது அந்த இடத்திலையே கிடக்கு. வாறதுக்கு இருந்த சாட்டுத்தான் போச்சு.

இப்பிடி எழுதினதை வெட்டவேணும். வெட்டினால் கொப்பி வடிவில்லாமல் போகும்.

17.04.2006, திங்கள்

இண்டைக்கு நடந்ததை ஒழுங்காய் எழுதவேணும், விசாரணை உண்மையாய் வந்தாலும் வரும்.

காலமை ஊர் முழுக்கக் குழப்பம். பத்து வருசமாய்க் கந்தோர் நேரத்தில அரை மணித்தியாலம் கழிச்சுக் கழிச்சுப் பழகின சனம், பழக்க தோசத்தில இண்டைக்கும் கழிச்சுப்போட்டுது. ஒன்பது மணிக்கு வரவேண்டிய பென்சன்காரர் எட்டரைக்கே வந்து நிண்டு கதவைத் தட்டிச்சினம். ஒரு கிழவர் "பழைய நேரமோ புதிய நேரமோ" எண்டு கேட்டார். இனி ஒரு நேரம்தான் அப்பு எண்டன். "அது பழசோ புதுசோ" எண்டு திருப்பிக் கேட்டார். பென்சன் புத்தகத்தைத் தாங்கோ எண்டன்.

மத்தியானம் பின்னாலை அறையிலை சாப்பிட்டிட்டு வந்து பாத்தால் பன்னிரண்டே முக்கால். கெதியாய்ச் சாப்பிட்டு முடிச்சிட்டன் எண்டு எனக்குள்ளை ஒரு மெச்சல். நான் கைமணிக்கூடு கட்டுறதில்லை. சுவரிலை அரசாங்க மணிக்கூடு இருக்கேக்கை என்னத்துக்கு.

மூண்டு ஐம்பத்தைந்துக்கு மாஸ்ரர் வந்தார். கவுண்டர் மூட ஐஞ்சு நிமிசம் இருக்கு. சரியான நேரத்துக்கு, எல்லாரையும் போல. பத்து வருசமாய் உண்மையிலையே பழைய நேரத்துக்குத்தான் வந்திருக்கிறார், நான்தான் விசரி எண்டு நினைச்சன். அவரின்ர மணிக்கூடு உண்மையிலையே பழுதுதான்.

அவர் சுவரைப் பாத்தார். தன்ர கையைப் பாத்தார். திரும்பச் சுவரைப் பாத்தார். பிறகு முகத்தில ஒரு வெளிச்சம் வந்துது. போய்ச் சுவரோரத்து வாங்கில இருந்திட்டார்.

வேறை சனமும் வரேல்லை. தேத்தண்ணி போட்டன். இண்டைக்கு அவசரமில்லை, பஸ்ஸுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேலை கிடக்கு எண்டு எனக்கு நினைப்பு. நல்லூரில வீட்டு வாடகை எப்பிடி எண்டு கேட்டார். அக்கா வீட்டில இருக்கப்போறவளுக்கு வாடகை என்னத்துக்கு எண்டன். "உங்களுக்கில்லை" எண்டார். நான் கோப்பையளைக் கழுவப் போனன்.

மணி நாலு இருபத்தைந்து. மெழுகுதிரி கொளுத்தி அரக்குக் கட்டியை எடுத்தன். நாலரைக்கு பஸ் கோர்ன் அடிச்சுது. அரை மணித்தியாலம் முந்தி வந்திட்டான் எண்டு நினைச்சு வாசலுக்கு ஓடினால், பஸ் சந்தி திரும்பிப் போகுது. பை வாய் கட்டாமல் மேசையிலை கிடக்கு. நான் ஒரு பையும் தவற விட்டதில்லை. சூறாவளிக்கும் விட்டதில்லை, ஊரடங்குக்கும் விட்டதில்லை.

"பஸ் நேரத்துக்குத்தான் வந்தது மிஸ். இப்ப ஐஞ்சு மணி. உங்கடை மணிக்கூடு அரை மணித்தியாலம் பிந்தி" எண்டார் மாஸ்ரர்.

"தெரிஞ்சுகொண்டே ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் வேணுமெண்டு வச்சதெண்டு நினைச்சன்."

எனக்கு வந்த கோவத்துக்கு அரக்கை அவரின்ர வாயிலை வச்சு முத்திரை குத்தியிருப்பன். ஆனால் பட்டினத்தில பெரிய கந்தோரில இருந்து லொறி வெளிக்கிடுறது ஐஞ்சரைக்கு. நாலு மைல். பையை வெளியாள் கையிலை குடுக்கக் கூடாது, அது சட்டம். பையோட உத்தியோகத்தர் என்னத்திலை போகவேணும் எண்டு சட்டத்தில ஒண்டும் இல்லை.

கட்டினன், அரக்கு வச்சன், கதவைப் பூட்டினன், மாஸ்ரரின்ர மோட்டச்சைக்கிளில ஏறினன். தபால் பையை நடுவில வச்சன். முன்னுக்கு அவர், பின்னுக்கு நான், ரெண்டு பேருக்கும் நடுவில அரசாங்கம்.

கரம்பையடிச் சனம் அவ்வளவும் இண்டைக்கு ஐஞ்சு மணிக்கு வாசலுக்கு வந்து நிக்கவேணும் எண்டு ஆர் சொன்னது தெரியாது. பரியாரியார் வீட்டுப் படலையிலை நாலு பேர். சங்கக்கடையிலை கியூ. ஐயர் குடத்தோட நிண்டவர், குடத்தைக் கீழை வச்சிட்டார். நான் ஒரு பக்கமும் பாக்கேல்லை. பாக்காமலே எல்லாரும் தெரிஞ்சினம்.

சந்திச் செக் பொயின்ரில ஆமிக்காரப் பெடியன் மறிச்சான்.

"பையிலை என்ன?"

"கடுதாசி" எண்டன்.

மாஸ்ரரைப் பாத்தான், என்னைப் பாத்தான், நடுவில பையைப் பாத்தான். ஒண்டும் கேக்காமல் போகச் சொல்லிக் கையைக் காட்டினான். அவனுக்குக் கூடச் சிரிப்பு.

ஐஞ்சு இருபத்திமூண்டுக்குப் பை லொறியிலை ஏறிட்டுது.

திரும்பி வரேக்கை நடுவில பை இல்லை. நான் பின் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு இருந்தன். மாஸ்ரர் போகேக்கை ஓடினதிலை பாதி வேகத்திலைதான் ஓடினார். பெற்றோல் மிச்சம் பிடிக்கிறாராக்கும்.

18.04.2006, செவ்வாய்

வல்லிபுரம் அண்ணை தானாய் வந்து ஒப்புக்கொண்டார். நேற்று மத்தியானம் நான் சாப்பிடப் போன நேரம் அவர்தான் கதிரையிலை ஏறியிருக்கிறார்.

"நீ மறந்திட்டாய் எண்டு நினைச்சன் பிள்ளை. ரேடியோவில பின்னுக்குத் திருப்பச் சொன்னதெல்லே. அரசாங்கக் கட்டளை."

"காலமை முழுக்கச் சரியான நேரம்தானே காட்டினது? பாக்கேல்லையோ?"

"எனக்குக் கண் கொஞ்சம் மங்கல்."

இந்த மங்கல் கண்ணால கோழிக் காலெழுத்து விலாசத்தை எல்லாம் பிழையில்லாமல் படிச்சுக் குடுக்கிற மனுசன். நான் ஐமிச்சமாய்ப் பாத்தன். சைக்கிளுக்குக் காத்தடிக்கப் போட்டார்.

முத்திரை வாங்க இண்டைக்கு இருபத்தாறு பேர். வழக்கமாய் ஆறு பேர். ஒருத்தரும் கடிதம் எழுதுற ஆக்களில்லை. ஒவ்வொருத்தரும் முத்திரையை வாங்கிப்போட்டு "நேற்று எங்கையோ அவசரமாய்ப் போனியள்" எண்டிச்சினம்.

வரவேண்டிய ஆள் வரேல்லை.

19.04.2006, புதன்

வரேல்லை. சம்மதக் கடிதம் எழுதி முடிச்சன். மை கக்கேல்லை, கடுதாசியும் காஞ்சு கிடக்கு. இனிச் சாட்டுச் சொல்ல ஒண்டுமில்லை. எனக்கு அழுகை வந்துது எண்டும் எழுதி வைக்கிறன், ஒரு பொய் போதும்.

20.04.2006, வியாழன்

சம்மதக் கடிதம் காலமையில இருந்து மேசையிலை. இண்டைய பையில போனால் நான் நல்லூர். அக்கா ரெண்டு தரம் ரெலிபோன் எடுத்திட்டா.

நாலு மணிக்குக் கவுண்டரை மூடினன். மணிக்கூடு சரி, ரேடியோவோட ஒத்துப் பாத்தாச்சு. கதவைச் சாத்தேல்லை.

நாலு இருபத்தைந்துக்கு மோட்டச்சைக்கிள் சத்தம்.

"கவுண்டர் மூடியாச்சு மாஸ்ரர்."

இண்டைக்குப் பழைய நேரக் கதை எடுக்கேல்லை. "தெரியும்" எண்டார். ஒரு கடித உறையைக் கவுண்டரில வச்சார். பதிவுத் தபால். ஒப்ப அட்டையும் ஒட்டியிருக்கு. முகவரியைப் பாத்தன். 'தபாலதிபர், கரம்பையடி.' அனுப்புநர் இடத்தில 'மனு இல. 1' எண்டு போட்டிருந்துது.

நிறுத்தன். பதிஞ்சன். முத்திரை குத்தினன். பற்றுச்சீட்டு எழுதிக் குடுத்தன். இலக்கம் கொஞ்சம் சரிஞ்சு போச்சு.

"இப்பவே உடைச்சுப் படிக்கலாமே" எண்டார்.

"இண்டைக்குப் பதிஞ்ச தபால் நாளைக்குத்தான் விநியோகம். எனக்கு ஒரு சட்டம், ஊருக்கு ஒரு சட்டமோ?"

"உங்கடை சம்மதக் கடிதம் இண்டைக்கெல்லே போகவேணும்?"

அது அவருக்கு ஆர் சொன்னது எண்டு கேக்கத் தேவையில்லை. "ஓம், இண்டைக்குத்தான்" எண்டன். அவர் மேசையைப் பாத்தார், அங்கை கிடந்த கடிதத்தைப் பாத்தார், தலையைக் குனிஞ்சுகொண்டு போட்டார். தேத்தண்ணி கூடக் குடிக்கேல்லை.

நாலே முக்காலுக்குப் பையைக் கட்ட வேணும். பக்கத்தில உடைக்காத கடிதம். உடைச்சால் பத்தொன்பது வருசச் சட்டம் போகும். உடைக்காட்டி உள்ளுக்கை என்ன எண்டு தெரியாமலே நான் முடிவெடுக்க வேணும். றோட்டுப் போடச் சொல்லித்தான் எழுதியிருக்கிறாரோ, ஆர் கண்டது.

உடைக்கேல்லை. சம்மதக் கடிதத்தைக் கிழிச்சுப்போட்டு, புதுத் தாள் எடுத்து ரெண்டு வரி எழுதினன். 'எனக்கு இடமாற்றம் தேவையில்லை. கரம்பையடியிலேயே கடமையாற்ற விரும்புகிறேன்.' பேனை ஒழுங்காய் எழுதிச்சுது. பையில போட்டன், அரக்கு வச்சன், ஐஞ்சு மணி பஸ்ஸில ஏத்தினன்.

அக்காவுக்கு நாளைக்குச் சொல்லலாம்.

21.04.2006, வெள்ளி

காலமை ஒன்பதரைக்கு வல்லிபுரம் அண்ணை கந்தோர் வாசலுக்கு வெளியாலை போய் நிண்டு சைக்கிள் மணி அடிச்சார். "தபால்" எண்டார். உள்ளுக்கை மேசையிலை இருந்து எடுத்துக்கொண்டு போன கடிதத்தைத்தான் வெளியிலை நிண்டு குடுக்கிறார். நானும் வாசலுக்கு வந்து வாங்கினன். "ஒப்பம் வச்சிட்டு உடை பிள்ளை, அதுதான் முறை" எண்டிட்டு அங்காலை நகராமல் நிண்டார். நான் கதவைச் சாத்தினன்.

மனுவை இதிலை ஒட்டேல்லை, எழுதியே வைக்கிறன்.

'கரம்பையடித் தபாலதிபர் அவர்களுக்கு. அம்மணி, கடந்த பத்து வருடங்களில் பழைய நேரத்தைக் கோரி 186 மனுக்களும், அது கிடைத்தமைக்கு ஒரு நன்றிக் கடிதமும் தங்கள் கையால் அனுப்பியவன் நான். அவற்றுள் முதல் பதினொரு மனுக்கள் நேரத்துக்காக எழுதப்பட்டவை. மிகுதி தேநீருக்காக எழுதப்பட்டவை. எனது மணிக்கூடு ஒருநாளும் பழைய நேரத்தில் ஓடியதில்லை என்பதை இத்தால் ஒப்புக்கொள்கிறேன். அரசாங்கம் சற்றும் எதிர்பாராத வகையில் எனது கோரிக்கையை நிறைவேற்றியதால் நான் பெரும் இடருக்கு உள்ளாகியுள்ளேன். ஆகவே, தினமும் பிற்பகல் நாலு மணி தொடக்கம் நாலரை மணி வரையான அரை மணித்தியாலத்தையும், தங்களுக்கு மறுப்பில்லையாயின் மிகுதி இருபத்திமூன்றரை மணித்தியாலங்களையும் எனக்கு ஒதுக்கித் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன். தாங்கள் நல்லூருக்குச் சென்றாலும் இம்மனு செல்லுபடியாகும். அங்கு கணக்கு ஆசிரியர்களுக்கு இடமிருப்பதாக விசாரித்து அறிந்துள்ளேன். முடிவு எதுவாயினும் குடை தங்களிடமே இருக்கட்டும். கதவுக்குப் பின்னால் அதன் பிடி தெரிந்தது. இங்ஙனம், ச. குலவீரசிங்கம்.'

மூண்டு தரம் படிச்சன். எழுத்துப்பிழை ஒண்டும் இல்லை. ஒரு இடத்தில மட்டும் எழுத்துக் கரைஞ்சிருந்துது, அது நான் படிக்கேக்கை நடந்தது.

நாலு மணிக்குக் கவுண்டரை மூடினன். சீலையைச் சரி செய்தன். தேத்தண்ணி ரெண்டு கோப்பை, தவறுதலாய் இல்லை.

நாலு இருபத்தைந்துக்கு மாஸ்ரர் வந்து வாசலிலை நிண்டார். உள்ளுக்கை வரேல்லை. மேசையைத்தான் பாத்தார். கடிதம் அங்கை இல்லை எண்டதும் முகம் செத்துப் போச்சு.

"போயிட்டுதோ?" எண்டார்.

"எது?"

"சம்மதம்."

நான் ஒப்ப அட்டையை எடுத்தன். அதிலை பேருக்கும் திகதிக்கும்தான் இடம் இருக்கு. நான் சற்குணதேவி எண்டு வடிவாய் ஒப்பம் வச்சு, திகதி போட்டு, இடமில்லாத இடத்தில 'பி.ப. 4.25' எண்டும் எழுதினன். "ஏழாவது அட்டை மாஸ்ரர். திரும்பி வந்திருக்கு. சரி பாத்து எடுங்கோ" எண்டு கவுண்டரால நீட்டினன்.

அவர் அட்டையைப் பாத்துக்கொண்டே நிண்டார். கணக்கு மாஸ்ரருக்கு ஒரு ஒப்பத்தைப் படிக்க இவ்வளவு நேரம். "வெளியிலை நிண்டு தேத்தண்ணி குடிக்கேலாது, உள்ளுக்கை வாங்கோ" எண்டன்.

வந்தார். நாலு இருபத்தேழுக்குக் கதவைச் சாத்தினன். இனி விசாரணை எண்டு ஆரும் வந்தால் இந்தக் கொப்பியைக் காட்டேலாது.